மஞ்சள் வெயிலுக்கு நிற்காது

அன்று தலைமையாசிரியர் அறையில் இருந்தவர்கள்:

தலைமையாசிரியர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எஸ்தர் டீச்சர். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர். நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

மாராத்தாள். ராயபுரத்துக்காரி. பனியனுக்குப் பிசிறு வெட்டி, மடித்துக் கொடுக்கிற வேலையை வீட்டில் வைத்துச் செய்பவள். அழுதுகொண்டிருந்தாள்.

அவள் மகள் தங்கமணி. ஆறு வயது. அழவில்லை. இரண்டு கையையும் அக்குளில் செருகியிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒன்றாம் வகுப்பின் மற்றப் பிள்ளைகள் பதினேழு பேர். போகச் சொல்லியும் போகவில்லை.

கதவோரம் நான். ரங்கசாமி. அந்தப் பள்ளிக்கூடத்தின் கடைநிலை ஊழியன்.

மேசைமேல் ஒரு வெள்ளைப் பனியன் விரித்துக் கிடந்தது. நெஞ்சில் ஐந்து விரல் அச்சு. இரத்தம் மாதிரி சிவப்பு.

இது அறுபதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம் நடந்தது. நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். புதிதாய் வந்திருக்கிற டீச்சர் பிள்ளைகளுக்குக் கலர் காகிதம் கொடுத்துக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் வருகிறது. பின்னால் பசையும் தடவியே வருகிறது. ஈரம் காட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

“உங்க காலத்துல இதெல்லாம் இல்லீங்களே, எப்படிங்கய்யா பண்ணுனீங்க?” என்று கேட்டார். சொன்னேன். ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்வாராம்.

என் கதை சின்னது. பதினாலு வயதில் நூல் சாயப்பட்டறைக்குப் போனேன். ஒன்பது வருஷம் அங்கே. கை வெடித்துப் புண்ணாகி, சோறு பிசைய முடியாமல் போனது. வேலையை விட்டேன். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க ஆள் கேட்டார்கள். போய் நின்றேன். பிறகு முப்பத்தொரு வருஷம் அங்கேதான்.

எஸ்தர் டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். உருவம் சின்னது. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருடைய பழக்கம் ஒன்று உண்டு. பிள்ளைகள் ஏதாவது செய்துகொண்டிருந்தால் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொள்வார். பிள்ளை தலைகீழாய் வரைந்தாலும் தொட்டுத் திருத்த மாட்டார். குனிந்து பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்பார்.

“பெறகு?”

அவ்வளவுதான். பிள்ளை மேற்கொண்டு ஏதாவது செய்தாக வேண்டும். முடிந்தது என்று நினைத்த படத்தில் ஒரு மரம் வரும். மரத்தில் ஒரு கூடு வரும். அவர் மறுபடியும் “பெறகு?” என்பார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு படப்புத்தகத்தைக் காட்டினார். பழைய புத்தகக் கடையில் வாங்கியது. எந்த நாட்டு எழுத்தோ தெரியவில்லை. அவருக்கும் படிக்க வரவில்லை. ஒரு சேவல் ஊரை விட்டு நடந்து போகிறது. அது மட்டும் படத்தில் தெரிந்தது.

“அண்ணாச்சி, இது வரைஞ்சது இல்ல. காகிதத்துல கலர் அடிச்சு, கிழிச்சு ஒட்டிருக்காங்க. ஓரத்தைப் பாருங்க.”

பார்த்தேன். சேவலின் இறக்கை ஓரமெல்லாம் நூல் பிரிந்த மாதிரி வெள்ளைக் கோடு. காகிதத்தைக் கையால் கிழித்தால் அப்படித்தான் வரும்.

“நம்ம பிள்ளைகளும் இது மாதிரி செய்யணும். கலருக்கு என்ன செய்யலாம்?”

பள்ளிக்கூடத்தில் கலர் வாங்க வழியில்லை. பட்டறைச் சாயம் கேட்டால் எனக்குக் கிடைக்கும். ஆனால் அது கையில் பட்டால் என்ன ஆகும் என்று என் கையே சொல்லும். வேண்டாம் என்றேன். வீட்டில் இருக்கிறதை வைத்தே செய்யலாம் என்றேன்.

துணிக்குப் போடுகிற நீலம் எல்லா வீட்டிலும் உண்டு. பனியன் ஊர் அல்லவா. சுவருக்கு அடிக்கிற காவி உண்டு. அடுப்புக்கரி உண்டு. மஞ்சள்தூள் உண்டு. மஞ்சளில் நீலத்தைக் கலந்தால் குளத்துப் பாசி மாதிரி ஒரு பச்சை வரும். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தித் தண்ணி, சிவப்பு. இவையெல்லாம் காகிதத்தில் பிடித்து நிற்க, சோறு வடித்த கஞ்சியில் கலக்க வேண்டும். கஞ்சி கெட்டியாய் இருந்தால் காய்ந்தபின் உதிரும். தண்ணியாய் இருந்தால் காகிதம் சுருளும். ஆறிய கஞ்சி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. அதுதான் கணக்கு.

பிரஷ் கிடையாது. பனியன் கம்பெனியில் வெட்டிப் போடும் துண்டுத்துணியைச் சுருட்டிக் குச்சியில் கட்டினேன். காகிதத்துக்குப் பழைய பரீட்சைத் தாள். அடியில் ஒட்ட, பனியன் பெட்டி அட்டை.

கலர் அடித்த தாளை முற்றத்துக் கயிற்றில் போட்டுக் காய வைப்பேன். வெயிலில் போடக் கூடாது. மாமரத்து நிழல்தான். வெயிலில் போட்டால் மற்றக் கலர் நிற்கும். மஞ்சள் நிற்காது. சாயந்தரத்துக்குள் வெளுத்துவிடும். பட்டறைக்காரன் எவனுக்கும் இது தெரியும்.

பசைக்கு மைதா. முதலில் பச்சைத் தண்ணியில் கரைத்துக்கொண்டு, பிறகு கொதிக்கிற தண்ணியில் ஊற்றிக் கிண்ட வேண்டும். நேராய்க் கொதிதண்ணியில் மாவைப் போட்டால் கட்டி தட்டும். முதல் நாள் நன்றாய்த்தான் காய்ச்சினேன். அரைமணி நேரத்தில் காதர் என்ற பையனிடம் இருந்த பசைக் கொட்டாங்குச்சி காலி.

“பசை எங்கடா காதர்?”

“சாப்ட்டுட்டனுங்க.”

“பசையவா?”

“உப்பு பத்தலீங்க.”

மறுநாளிலிருந்து வேப்பிலை வேகவைத்த தண்ணியில் பசை காய்ச்சினேன். ஒருத்தனும் வாயில் வைக்கவில்லை. பூச்சியும் வரவில்லை.

கிழிக்கச் சொன்னபோது பிள்ளைகள் கிழிக்கவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரையே பார்த்தார்கள்.

“கிளிங்க பிள்ளைகளா.”

“கிழிச்சா அடிப்பாங்க டீச்சர்.”

“யாரு அடிப்பா?”

“நீங்கதானுங்க.”

டீச்சர் ஒரு தாளை எடுத்துக் குறுக்கே கிழித்தார். சர்ரென்று சத்தம். பிறகு ஒருத்தி கிழித்தாள். பிறகு எல்லோரும் கிழித்தார்கள். அன்றைக்கு ஒட்டியது ஒன்றும் இல்லை. கூட்டி அள்ளியது இரண்டு கூடை. அவ்வளவு சிரிப்பு. பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தச் சேவல் புத்தகத்துக்கு டீச்சர் சொல்வது தினம் ஒரு கதை. எழுத்துத்தான் புரியாதே. ஒரு நாள் சேவல் கோபித்துக்கொண்டு போகும். ஒரு நாள் பொண்ணு பார்க்கப் போகும். பிள்ளைகள் விடமாட்டார்கள்.

“நேத்து அது சந்தைக்குப் போச்சுங்க டீச்சர்!”

“நேத்து சந்தை இருந்துச்சு. இன்னைக்கு இல்லையே, பெறகு எங்க போகும்?”

உடனே பதினேழு சேவலும் பதினேழு ஊருக்குப் போகும். காதர் ஒட்டிய சேவலுக்கு ஆறு கால்.

“ஏன்டா ஆறு?”

“ஓடறப்ப அப்படித்தானுங்க தெரியும்.”

டீச்சர் கை பின்னால்தான் இருந்தது. “பெறகு?” என்றார். ஏழாவது கால் வந்தது.

தங்கமணி மட்டும் தொடவில்லை. ஐப்பசியில் ஆரம்பித்த வேலை. மாசி வரை அவள் பசையில் விரல் வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். இரண்டு கையும் அக்குளில். அடம் என்றும் சொல்ல முடியாது. மற்றப் பாடமெல்லாம் ஒழுங்காய்ப் படிப்பாள். டஜன் கணக்கில் வாய்ப்பாடு சொல்லுவாள். எண்ணச் சொன்னால் பன்னிரண்டு பன்னிரண்டாய்த்தான் எண்ணுவாள்.

எனக்குக் காரணம் தெரியும். அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குப் போவேன். சாயந்தரம் தாயும் மகளும் பாயை விரித்து எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் வெள்ளைப் பனியன் குவியல். தாய் பிசிறு வெட்டுவாள். மகள் மடிப்பாள். உட்காரும் முன்னே மாராத்தாள் மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நகத்தைப் பார்ப்பாள். மோந்தும் பார்ப்பாள். ஒரு கறை பட்டால் சரக்கு செகண்ட்ஸ், அதாவது கழிவு. இரண்டு தடவை செகண்ட்ஸ் ஆனால் கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

டீச்சரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

“தொடச் சொல்லவா டீச்சர்?”

“வேண்டாம் அண்ணாச்சி. அவ பாத்துக்கிட்டுத்தான இருக்கா. பாக்கட்டும்.”

ஐந்து மாதம் தினம் அவளுக்கும் ஒரு அட்டை வைத்தார். வெறும் அட்டை. சாயந்தரம் எடுத்து வைப்பார். மறுநாள் மறுபடி வைப்பார். ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

பங்குனியில் ஒரு புதன்கிழமை. மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் குரல்.

“ரங்கண்ணா. கை கழுவறக்குத் தண்ணி இருக்குங்களா?”

தங்கமணி. ஒரு வாளி கொண்டுவந்து வைத்தேன். பார்த்தாள். “இன்னொரு வாளி?” என்றாள். இன்னொன்றும் கொண்டுவந்தேன். அதற்கப்புறம் அவள் துணிக்குச்சியை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் மஞ்சளில் அழுத்தித் தாளில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். முழங்கை வரை மஞ்சள். மூன்று தாள் முடித்தாள். முகம் அம்மன் கோயில் விளக்கு மாதிரி இருந்தது.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். “பெறகு?” என்று கேட்கவில்லை. அன்று ஒருநாள்தான் கேட்காமல் விட்டார்.

கையைக் கழுவிவிட்டது நான். தப்பு நடந்தது அங்கேதான்.

மற்றப் பிள்ளைகளுக்கு சோப்புப் போட்டுக் கழுவுவேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு செய்கிற வேலையை சோப்பும் செய்யும். கை சிவந்தால் மற்றதுகள் சிரிக்கும். மறுபடி தேய்த்தால் போய்விடும். தங்கமணி முதல்முறை கை வைத்தவள். கை இரத்தமாய்ச் சிவந்தால் பயந்துவிடுவாள், இனி தொடவே மாட்டாள் என்று நினைத்தேன். சோப்பு போடவில்லை. வெறும் தண்ணியில் நாலு தடவை கழுவினேன். பார்வைக்குச் சுத்தமாய்த்தான் இருந்தது.

மஞ்சள் தண்ணிக்குப் போகாது. ரேகைக்குள் நின்றுகொள்ளும். ஒன்பது வருஷம் சாயப்பட்டறையில் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று சாயந்தரம் மாராத்தாளும் கையைப் பார்த்திருக்கிறாள். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. பிள்ளை மடித்திருக்கிறாள். பங்குனிப் புழுக்கம். கை வியர்த்திருக்கிறது. மூன்று டஜன் பனியனிலும் லேசாய் விரல் பதிந்திருக்கிறது. காலையில் பார்த்தவள் என்ன கறை என்று தெரியாமல் பதறி, ஒவ்வொன்றிலும் சோப்பைத் தேய்த்திருக்கிறாள்.

மூன்று டஜனும் சிவந்துவிட்டது.

இப்போது தலைமையாசிரியர் அறைக்கு வருகிறேன்.

“சனிக்கிழமை மத்தியானம் டெலிவரிங்க சாமி,” என்றாள் மாராத்தாள். “ரெண்டு நாள்தான் இருக்குது. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா எனக்கு இனி சரக்கு இல்லீங்க. இவளை நிறுத்திப்போட்டு எங்காச்சும் வேலைக்குத்தான் உடோணும். படிக்கறக்கு அனுப்புனா பனியனுக்கு ரத்தத்தப் பூசி அனுப்பறீங்களே!”

தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்தார்.

“டீச்சர், பாடம் நடத்துங்கன்னா சாயப்பட்டறை நடத்தறீங்க. இன்னையோட கலர் வேலை நின்னுபோச்சு. தெரியுதுங்களா?”

“தப்பு என் பேர்லதான் சார். கம்பெனிக்கு நானே வந்து சொல்லுதேன்.”

“நீங்க சொல்லி அவங்க கேப்பாங்களாக்கும்! ஏம்மா, பிளீச்சிங் பவுடர்ல போட்டா போகாதா?”

நான் பேசுகிறவன் இல்லை. அந்த அறையில் அதுவரை ‘சரிங்க’ தவிர வேறு சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

“போட்டா தையல் நூல் இத்துப்போயிருங்க. வாசத்துலயே செக்கிங் மேஸ்திரி கண்டுபுடிச்சிருவாரு.”

“ரங்கசாமி, நீ சும்மா இரு.”

“அண்ணாச்சி பேசட்டும் சார்,” என்றார் டீச்சர்.

“தப்பு டீச்சர் மேல இல்லீங்க. கை கழுவி உட்டது நான். இது ரத்தமும் இல்ல, சாயமும் இல்ல. மஞ்சள். சோப்பு பட்டுச் செவந்திருக்குது. ஒரு எலுமிச்சம்பழம் வேணுங்க.”

தலைமையாசிரியர் மதியச் சோற்றுக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழம் மேசையிலேயே இருந்தது. அவரே எடுத்துக் கொடுத்தார். பாதி வெட்டி, தண்ணியில் பிழிந்து, அந்த விரல் அச்சின் மேல் ஊற்றினேன். கண் எதிரே சிவப்பு ஓடி மஞ்சளாய்ப் போனது. ஜன்னலில் பதினேழு வாயும் ஒன்றாய் “ஓ!” என்றது.

மாராத்தாள் அழுகையை நிறுத்தினாள். “மஞ்ச இருக்குதேங்ணா?”

“மஞ்சள் வெயிலுக்கு நிக்காது அம்மிணி. ரெண்டு நாள் பங்குனி வெயில் போதும்.”

“துவைச்ச சரக்கு மொடமொடப்பு இருக்காதுங்களே. மேஸ்திரி தொட்டவுடனே சொல்லிப்போடுவாரு.”

“கசக்கப் போறதில்ல. நனைச்சு விரிக்கறதுதான். தேய்ச்சு மடிச்சா நிக்கும்.”

தலைமையாசிரியர் யோசித்தார். “போகலைன்னா?”

“என் வேலையை எடுத்துக்கங்க.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “வெயில் ஏறுது. ஆகட்டும்,” என்றார்.

முப்பத்தாறு பனியனையும் எலுமிச்சைத் தண்ணியில் முக்கினேன். புளிப்பு துணியில் நின்றால் நூலைத் தின்னும். மூன்று தண்ணி அலசினேன். விரிக்க இடம் வேண்டும். தரை புழுதி. வகுப்பு பெஞ்சுகளை வெளியே போட்டு, மேலே என் வேட்டி இரண்டையும் டீச்சர் கொண்டுவந்த படுக்கை விரிப்பையும் விரித்தோம். பெஞ்சு தூக்கியது பிள்ளைகள். எறும்பு வண்டு தூக்குகிற மாதிரி ஒரு பெஞ்சுக்கு ஆறு பேர். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள்.

பனியனை எடுக்க எல்லோரும் ஓடி வந்தார்கள். அப்போது ஒரு சத்தம்.

“தொடாதீங்க!”

யார் என்று திரும்பிப் பார்த்தேன். தங்கமணி. அவளுக்கு அப்படி ஒரு தொண்டை உண்டு என்று எனக்குத் தெரியாது.

“கையக் காட்டு. ஒவ்வொருத்தரா வரிசையில வா.”

பதினேழு பேரும் வரிசையில் நின்றார்கள். உள்ளங்கை, புறங்கை, நகம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். காதரை மூன்று தடவை திருப்பி அனுப்பினாள்.

“என்னடா நாத்தம் இது?”

“மாங்கா ஊறுகா.”

“போய்க் கழுவு. சோப்புப் போட்டுக் கழுவு.”

பிறகு பிடிக்கிற விதம் சொல்லிக்கொடுத்தாள். “தோளைப் புடிக்கோணும். வயித்தப் புடிச்சா இழுத்துக்கும். ரெண்டு பேரா வாங்க. உதறாதீங்க. மெதுவா வைங்க.” ஒருத்தி பதிலுக்கு “நீ என்ன மேஸ்திரியா?” என்றாள். “ஆமா,” என்றாள் தங்கமணி. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டு நாளும் ஒன்றாம் வகுப்பு மைதானத்தில்தான் நடந்தது. ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர் காவல். காக்காய்க்கு ஒரு கூட்டம், ஆட்டுக்கு ஒரு கூட்டம், காற்றுக்கு ஒரு கூட்டம். அரைமணிக்கு ஒரு தடவை நான் தண்ணி தெளிப்பேன். ஈரத்தோடு வெயில் பட்டால்தான் மஞ்சள் சீக்கிரம் விடும். தெளித்து முடித்ததும் பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள். “விரல் போயிருச்சு, கட்டை விரல் இருக்குது!” என்று ஒரு பெஞ்சு கத்தும். “எங்களுக்கு சுண்டுவிரல் மட்டுந்தான்!” என்று அடுத்த பெஞ்சு கத்தும். எந்த பெஞ்சு முதலில் வெளுக்கும் என்று போட்டி வந்துவிட்டது.

தலைமையாசிரியர் முதல்நாள் அறையை விட்டு வரவில்லை. இரண்டாம் நாள் குடையோடு வந்தார். பார்த்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். நாற்காலி கொண்டுவரச் சொன்னார். பதினொரு மணிக்கு ஒரு வெள்ளாடு உள்ளே வந்தது. ஆட்டுக்கூட்டம் கவனிக்கவில்லை, காக்காயை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஆடு ஒரு பனியன் வரை போய்விட்டது. தலைமையாசிரியர் குடையை மடக்கிக்கொண்டு “ஏய்! ஏய்!” என்று ஓடினார். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. ஆடு காம்பவுண்டைத் தாண்டிக் குதித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் திரும்பி வந்து, மூச்சு வாங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, “வாய்ப்பாடு சொல்லுங்க எல்லாரும்,” என்றார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒவ்வொன்றையும் தூக்கி வெயிலுக்குக் காட்டினேன். முப்பத்தைந்து சுத்தம். ஒன்றில் மட்டும் கட்டைவிரல் நின்றது. சனிக்கிழமை காலையில் அதை மட்டும் மறுபடி விரித்தேன். பத்து மணிக்கு அதுவும் போனது.

தேய்க்கப் பெட்டி கிடையாது. தலைமையாசிரியர் வீட்டிலிருந்து அனுப்பர்பாளையத்துப் பித்தளைச் சொம்பு இரண்டு வந்தது. கனமான சொம்பு. உள்ளே கங்கு போட்டு, துணியால் பிடித்துத் தேய்த்தேன். ஒரு சொம்பு ஆறும்போது அடுத்தது. நேரம் ஆகிறதே என்று மாராத்தாள் வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கமணி மடித்தாள். கையைத் தானே மூன்று தடவை கழுவிவிட்டு வந்திருந்தாள். சோப்புப் போட்டு.

கம்பெனிக்கு நானும் கூடப் போனேன். தப்பு என்னுடையது. செக்கிங் மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாராத்தாள் மூட்டையை வைத்தாள். நான் சொன்னேன்.

“இந்த மூணு டஜன்ல பள்ளிக்கூடத்து மஞ்சள் பட்டுச்சுங்க. கறையை எடுத்துக் கொண்டாந்திருக்கறம். பாத்துக்கங்க. இருந்தா என்னையக் கேளுங்க. இந்த அம்மிணி மேல தப்பில்லீங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்றொன்றாய் விரித்தார். நெஞ்சு, முதுகு, உள்பக்கம். பனியன் வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தது. முதல் டஜன் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மாராத்தாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்திருந்தாள். மூன்றாவது டஜனில் ஒன்றை மட்டும் திரும்ப எடுத்தார். எந்த ஒன்று என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை இறக்கினார். மோந்து பார்த்தார்.

“ஏனம்மா மாராத்தா.”

“சாமி?”

“மத்தவங்க கொண்டார்ற சரக்கைவிட இது வெள்ளையா இருக்குது. என்ன போட்டே?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“வெயிலுங்க,” என்றேன்.

“வெறும் வெயிலா?”

“வெயிலும், பதினெட்டுப் புள்ளைகளும்.”

அவர் சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பக்கத்தில் இருந்த ஆள் பிறகு சொன்னான். மூட்டையை உள்ளே தள்ளினார். அடுத்த சரக்கைக் கட்டச் சொன்னார்.

“அந்தப் பள்ளிக்கூடத்துல எங்க செகண்ட்ஸையும் சேத்துக்குவாங்களான்னு கேட்டுச் சொல்லு,” என்றார்.

வெளியே வந்ததும் மாராத்தாள் ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஏனுங்ணா, அந்தக் கலரு வேலை, எல்லாப் புள்ளைகளுந்தான் பண்ணுதுங்களா?” என்றாள்.

“எல்லாந்தான்.”

“அப்ப இவளும் பண்ணட்டும். கையை மட்டும் நாலு மணிக்கு நானே வந்து கழுவி உடறன்.”

திங்கட்கிழமை நாலு மணிக்கு வரவேண்டியவள் இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். கதவருகில் நின்றாள். டீச்சர் உள்ளே கூப்பிட்டார். உட்கார்ந்தாள். ஒரு தாள் கொடுத்தார். “எனக்கென்னங்க தெரியும்,” என்றாள். கொஞ்ச நேரத்தில் கிழித்துக்கொண்டிருந்தாள். கத்தரியில்லாமல் நேர்கோடாய்க் கிழித்தாள். காதர் வாயைப் பிளந்து பார்த்தான்.

தலைமையாசிரியர் கலர் வேலையை நிறுத்தியதாய்ச் சொன்னது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, எலுமிச்சம்பழம் இரண்டு கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “இருக்கட்டும்,” என்றார்.

அந்த வாரம் டீச்சர் சேவல் புத்தகத்தை எடுக்கவில்லை. பெட்டி அட்டை பத்தைச் சேர்த்துத் தைத்துச் சுவரில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். “மைதானத்தை ஒட்டுங்க,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாலு நாள் ஒட்டினார்கள். மேலே நீலம். காவித் தரை. பாசிப் பச்சையில் வேப்பமரம். கரியில் காக்காய், நிறைய காக்காய். ஓடுகிற தலைமையாசிரியர், காதர் செய்தது, ஆறு கால். அவர் வந்து பார்த்தார். தன் காலை எண்ணினார். “செருப்பு மட்டும் ஒண்ணுதான் போட்டிருக்குது,” என்றார்.

பனியன்களை ஒட்டியது தங்கமணி. யாரையும் விடவில்லை. பரீட்சைத் தாளின் எழுதாத ஓரத்தைக் கிழித்து, தோளும் கையும் வைத்து, ஒவ்வொன்றாய் ஒட்டினாள். பசை முழங்கை வரை. பெஞ்சில் ஒட்டினாள். கயிற்றில் ஒட்டினாள். இடம் போதாமல் மரத்தில் ஒட்டினாள். பிறகு நீலத்திலும் ஒட்டினாள்.

டீச்சர் பின்னால் நின்றார். “பெறகு?”

இன்னும் ஒட்டினாள்.

தலைமையாசிரியர் கேட்டார். “மூணு டஜன்தானே கண்ணு காய வெச்சோம்?”

“அது போன வாரங்க,” என்றாள் தங்கமணி. “மத்ததெல்லாம் இனி வர்றதுங்க.”

எல்லோரும் வீட்டுக்குப் போனபின் அறையைக் கூட்டினேன். ஜன்னலைச் சாத்தும் முன் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பனியன்களை எண்ணிப் பார்த்தேன். போன வாரத்து முப்பத்தாறைத் தாண்டியும் எண்ணிக்கை போனது.

ஐம்பத்து மூன்று.